கை தானாக விழ வேண்டும்

நான் பயந்த சுபாவம் உள்ளவள். அடுப்பை அணைத்தோமா என்ற சந்தேகத்தில் பாதித் தெருவிலிருந்து வீட்டுக்குத் திரும்பி ஓடுகிற ஆள். இப்படிப்பட்டவள் கோவில்பட்டியில் ஒரு காது மூக்கு தொண்டை ஆஸ்பத்திரியில் தியேட்டர் நர்ஸாக வேலை பார்த்து, ஒழுங்காக ஓய்வும் பெற்றேன் என்பதை என் வீட்டுக்காரர் இன்னமும் முழுசாக நம்பவில்லை.

போன மாதம் என் காதைக் காட்ட அதே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். புதிதாகச் சேர்ந்திருக்கிற நர்ஸ் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். இப்போது சைனஸ் என்றால் முழு மயக்கம், மூக்குக்குள் டெலஸ்கோப், சுவரில் டிவி. நோயாளி கண் விழிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். அதில் ஒருத்தி கேட்டாள்: "யக்கா, அந்தக் காலத்துல ஆளை முழிச்சிருக்க வச்சே மூக்குக்குள்ள கம்பியை விட்டு ஓட்டை போடுவீங்களாமே, நெசமாவா? அவிய எப்படித்தான் தாங்குனாவ?"

அவர்கள் கொடுத்த காபி ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமா அது? "எழுதித் தாரேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நர்ஸிங் படித்தது பாளையங்கோட்டையில். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஊசி போடப் பயந்தேன், போட்டேன். பிணத்தைப் பார்க்கப் பயந்தேன், பார்த்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் டாக்டர் சிதம்பரநாதன் கோவில்பட்டியில் ஆஸ்பத்திரி ஆரம்பித்தபோது வேலைக்குச் சேர்ந்தேன்.

எங்கள் பக்கத்தில் மூக்கு டாக்டருக்கு வேலைக்குப் பஞ்சமே கிடையாது. கோடையில் கரிசல் மண் வெடித்துக் கிடக்கும். ஒரு காற்று அடித்தால் போதும், வாயை மூடியிருந்தாலும் பல்லில் மண் கடிபடும். அது போக தீப்பெட்டி ஆபீஸ்களில் தீக்குச்சி முனையில் தோய்க்கிற மருந்தின் தூசி. எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அங்கே வேலை பார்க்கிற பெண்கள் கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு, தலையைக் குனிய முடியாமல் வந்து நிற்பார்கள். கன்னத்து எலும்புக்குள் ஒரு வெற்றிடம் இருக்கிறது. அது அடைத்துச் சீழ் கட்டிக்கொண்டால் வலி உயிரை எடுக்கும். மாத்திரைக்குக் கேட்கவில்லை என்றால் அந்தச் சீழைக் கழுவி எடுத்தாக வேண்டும்.

கழுவுகிற முறை இதுதான். நோயாளியை நாற்காலியில் உட்கார வைப்போம். மரத்துப்போகிற மருந்தில் நனைத்த பஞ்சுத் திரியை மூக்குக்குள் செருகிக் காத்திருப்போம். பிறகு டாக்டர் நெற்றிக் கண்ணாடியை இறக்கிவிட்டு, குழாய்க்குள் ஊசி வைத்த ஒரு கருவியை மூக்கு வழியாக விட்டு, கண்ணின் வெளி ஓரத்தைக் குறிவைத்து அழுத்துவார். எலும்பு மெல்லியது. அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம் வரும். நமக்கு லேசாகத்தான் கேட்கும். நோயாளிக்கு அது தலைக்குள்ளேயே கேட்கும். தோல் மரத்திருந்தாலும் எலும்பு உடைகிற வலி கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். அந்த நேரத்தில் தலையை ஆட்டினால் ஊசி கண் பக்கம் போய்விடும். நான் என் கண்ணை மூடிக்கொள்ளாமல் நிற்கவே பெரும்பாடு பட்டிருக்கிறேன்.

சில வருடம் கழித்து டாக்டர் ஒரு நீலச் சிலிண்டரை வரவழைத்தார். சிலிண்டரின் தோளில் வெள்ளைப் பூச்சு. சிரிப்பு வாயு என்று சொல்வார்களே, அதில் சரிபாதி ஆக்ஸிஜன் கலந்தது. பெரிய ஊர்களில் பிரசவ வலிக்குக் கொடுப்பார்களாம். சிலிண்டரிலிருந்து ஒரு ரப்பர் குழாய், அதன் முனையில் வாயில் கவ்விக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் முனை. மூச்சை உள்ளே இழுத்தால்தான் வாயு வரும். அப்போது வால்வு 'டக்' என்று திறந்து 'ஸ்ஸ்' என்று சத்தம் கொடுக்கும். இழுப்பதை நிறுத்தினால் வாயுவும் நின்றுவிடும். சில மூச்சு இழுத்ததும் வலி மங்கும், ஆள் முழித்துத்தான் இருப்பார். குழாயை எடுத்த கொஞ்ச நேரத்தில் பழைய மாதிரி தெளிந்துவிடுவார்.

கடுங்குளிரில் சிலிண்டருக்குள் வாயு இரண்டும் பிரிந்துவிடும், அதனால் கவிழ்த்து நிமிர்த்தி எடுக்க வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. கோவில்பட்டியில் எந்தக் காலத்தில் குளிர் அடித்தது? ஆனாலும் சித்திரை வெயிலில் லாரியிலிருந்து கொதிக்கக் கொதிக்க இறக்கிய சிலிண்டரையும் டாக்டர் கவிழ்த்து நிமிர்த்தித்தான் உள்ளே விடுவார். "புத்தகத்துல இருக்கு, செய்யுதோம். நமக்கு என்ன நட்டம்?" என்பார்.

அவர் குணத்தைச் சொல்லியாக வேண்டும். எங்களை எல்லாம் 'நீ' என்றுதான் பேசுவார். "என்ன பாக்கியம், தூங்குதியா?" என்பது அவருடைய காலை வணக்கம். பஞ்சு தாமதமானால் ஏசுவார், தட்டு சத்தம் போட்டால் ஏசுவார். அந்த ஏச்சுக்கு யாரும் பயந்ததில்லை. நாங்கள் பயந்தது வேறொன்றுக்கு. நிலைமை கைமீறிப் போகிறது என்றால் அவர் குரல் இறங்கிவிடும், வாங்க போங்க என்று மரியாதை வந்துவிடும். 'தயவுசெய்து' என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தால் நான் ஆக்ஸிஜன் சிலிண்டர் பக்கம் நகர்ந்துவிடுவேன்.

வாயுவுக்கு அவர் ஒரே ஒரு சட்டம்தான் வைத்திருந்தார். குழாயை நோயாளியின் கைதான் பிடிக்க வேண்டும், வேறு யார் கையும் படக்கூடாது. மயக்கம் கூடினால் கை தளர்ந்து தானாக விழும், குழாய் வாயைவிட்டு நழுவும், வாயு நிற்கும், ஆள் தெளிந்துவிடுவார். அந்தக் கை விழுவதுதான் காவல். பக்கத்தில் நின்று வால்வுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கிற வேலைக்கு என்னைப் போட்டார். ஏன் என்று கேட்டேன். "நீதான் எதுக்கெடுத்தாலும் பயப்படுவ. பயப்படுத ஆளுதான் அங்கன நிக்கணும்" என்றார். ஏசுகிறாரா பாராட்டுகிறாரா என்று தெரியவில்லை.

சட்டம் சொல்லச் சுலபம், எங்கள் ஊரில் நடத்துவது கஷ்டம். இந்தப் பக்கத்தில் யாராவது ஆஸ்பத்திரிக்குத் தனியாக வந்து பார்த்திருக்கிறீர்களா? ஒருத்தருக்கு மூக்கில் வலி என்றால் வேனில் ஆள் வரும். வந்தவர்கள் சும்மா நிற்கவும் மாட்டார்கள். நோயாளியை எதையும் பிடிக்கவிடாமல் தாங்குவதுதான் பாசம். கயத்தாற்றிலிருந்து ஒரு மளிகைக்கடை அண்ணாச்சி வந்தார். ஆள் வாட்டசாட்டம், மனசு என்னைப் போல. மச்சினன் பக்கத்தில் நின்றால்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்தார். நான் பஞ்சு எடுக்க முகத்தைத் திருப்பிய நேரம், மச்சினன் குழாயை வாங்கி அவர் வாயில் அழுத்திப் பிடித்துக்கொண்டான். "நல்லா இழுங்க அத்தான், நான் பிடிச்சிக்கிடுதேன்!" திரும்பிப் பார்த்தால் அண்ணாச்சியின் கை மடியில் கிடக்கிறது, கண் செருகிவிட்டது, குறட்டை வருகிறது, குழாய் மட்டும் வாயைவிட்டு இறங்கவில்லை.

"தம்பி, தயவுசெய்து கையை எடுங்க" என்றார் டாக்டர், ரொம்ப மெதுவாக.

எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஆக்ஸிஜன் வைத்தோம். அண்ணாச்சி கண்ணைத் திறந்து, சிரித்துக்கொண்டே, "கடையைச் சாத்தியாச்சா?" என்று கேட்டார். அன்று முதல் உறவினர் யாரும் தியேட்டர் வாசலைத் தாண்டக்கூடாது என்று ஆகிவிட்டது. அதை நாங்கள் மீறியது ஒரே ஒரு தடவைதான்.

எட்டயபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். மூத்தவர் சண்முகத்தாய். தங்கை மாரியம்மாள், அப்போது முப்பது வயதை நெருங்கியிருப்பாள். இளம் வயதில் தீப்பெட்டி ஆபீஸில் மருந்து பற்றி எரிந்ததில் அகப்பட்டவள். பக்கத்தில் வேலை பார்த்த அக்காதான் சாக்கைப் போட்டு அமுக்கி இழுத்துப் போட்டாராம். உயிர் தப்பியது. ஆனால் தழும்பு இறுகி, தாடை நெஞ்சோடு ஒட்டினாற்போல் தலை குனிந்தபடியே நின்றுவிட்டது. இரண்டு கை விரல்களும் மடங்கிச் சேர்ந்துவிட்டன. அதற்குப் பிறகு அவளுக்குச் சோறு ஊட்டுவது, தலை சீவுவது, சேலை கட்டிவிடுவது எல்லாம் அக்காதான். அக்கா கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

வந்த அன்று மாரியம்மாளின் இடது கன்னம் வீங்கி, கண் இமை சிவந்து பாதி மூடியிருந்தது. டாக்டர் இமையை விலக்கிப் பார்த்தார். சீழ் கண்ணுக்குப் பின்னால் இறங்கப் பார்க்கிறது, உடனே கழுவாவிட்டால் பார்வை போகலாம், அதற்கு மேலும் போகலாம் என்றார்.

"திருநெல்வேலிக்குப் போயிருங்கம்மா."

"அங்கனயிருந்துதான் வாரோம் சார்" என்றார் சண்முகத்தாய். "கழுத்து நிமிராம மயக்க மருந்து குடுத்தா, தொண்டைக்குள்ள டியூப் விட முடியாதாம். ஏதாச்சும் ஒண்ணு ஆச்சின்னா காப்பாத்த முடியாதுன்னுட்டாவ. மூக்கு மட்டும் மரக்க வச்சிக் குத்தப் பாத்தாவ. தீப்பட்ட சமயத்து ஆஸ்பத்திரி நெனப்புல, இவ ஸ்பிரிட்டு வாடை பட்டதும் தலையைப் போட்டு ஆட்டிட்டா. ஊசி தவறி இமைக்குக் கீழே பட்டுட்டு. அதோட விட்டுட்டாவ."

முழு மயக்கம் கூடாது. வெறும் மரப்பு மருந்தில் தலையை ஆட்டாமல் இருக்க மாட்டாள். மிச்சம் இருப்பது வாயு. அந்த வாயுவைப் பிடிக்க அவளுக்குக் கை இல்லை.

"இதுக்கா யோசிக்கிய?" என்றார் சண்முகத்தாய். "நான் பிடிச்சிக்கிடுதேன். இத்தனை வருசமா என் கைதான அவ கை."

டாக்டர் மாட்டேன் என்றார். காரணத்தைச் சொன்னார். சண்முகத்தாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "பெத்த பிள்ளை கணக்கா வளத்திருக்கேன். அவளுக்கு மயக்கம் வந்தா எனக்குத் தெரியாதா?" எனக்கு அந்த அம்மா பக்கம்தான் மனசு சாய்ந்தது. கயத்தாறு மச்சினன் மாதிரி இவர் இருக்க மாட்டார் என்று தோன்றியது. ஆனால் பாசம் கூடக் கூடப் பிடியும் இறுகும் என்பதும் தெரிந்ததுதானே?

டாக்டர் அக்காவை விட்டுவிட்டுத் தங்கையைப் பார்த்தார். "ஏம்மா, வீட்டுல எதையாவது நீயா பிடிப்பியா?"

"ஒண்ணும் பிடிக்க மாட்டா சார். மத்தியானத் தண்ணிக்குக்கூட பக்கத்து வீட்டு மதினிகிட்ட சொல்லிட்டுத்தான் வேலைக்குப் போவேன்" என்று அக்காவே பதில் சொன்னார்.

மாரியம்மாள் தரையைப் பார்த்தாள். அவளால் தரையைத்தான் பார்க்க முடியும். பிறகு சின்னக் குரலில் சொன்னாள்: "அக்கா வேலைக்குப் போன பொறவு, செம்பை ரெண்டு மணிக்கட்டுக்கும் நடுவுல இடுக்கிக் குடிப்பேன்."

சண்முகத்தாய் அவளையே பார்த்தார். "எப்பத்துலருந்துட்டி?"

"ரொம்ப நாளா."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

டாக்டர் வெறும் குழாயைக் கொண்டுவரச் சொன்னார். வாயு இல்லாமல் பழக்கினோம். இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் முனையை இடுக்கி, வாய்க்குக் கொண்டுபோய், உதட்டால் கவ்வினாள். "கையைத் தளர்த்து" என்றோம். குழாய் மடியில் விழுந்தது. மறுபடி எடுத்தாள், மறுபடி விழவிட்டாள். "போதும், இதுதான் எனக்கு வேணும்" என்றார் டாக்டர்.

அக்கா இல்லாமல் உட்கார மாட்டேன் என்று மாரியம்மாள் அழுததால் சண்முகத்தாயை உள்ளே விட்டோம். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது நிபந்தனை. தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

அன்று எனக்கு வழக்கத்தைவிடப் பயம். காரணம் இருந்தது. அடைத்துக் கிடக்கிற இடத்துக்குள் இந்த வாயு புகுந்தால் உப்பும். ஏற்கனவே வீங்கிய கண்ணுக்குப் பக்கத்தில் அது நடந்தால்? அதனால் சில மூச்சுதான், சுருக்கமாக முடிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆக்ஸிஜன் சிலிண்டர் திறக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தேன். கருவிகளை எடுத்துக் கொடுக்க நின்ற நர்ஸ் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

பஞ்சுத் திரி ஊறியது. மூக்கு மரத்ததும் டாக்டர் அதை எடுத்தார். மாரியம்மாள் குழாயை இடுக்கிக் கவ்வினாள். டக், ஸ்ஸ். டக், ஸ்ஸ். தோளில் வைத்த என் கைக்கு அவளுடைய நடுக்கம் தெரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அது குறைந்தது. குனிந்த தலையை எட்டுவதற்காக டாக்டர் தணிந்த ஸ்டூலில் உட்கார்ந்து, கீழிருந்து கருவியை உள்ளே விட்டார். டக், ஸ்ஸ். அழுத்தினார். அந்த நொறுங்குகிற சத்தம் வந்தது.

அதே நொடியில் அவளுடைய மணிக்கட்டு இரண்டும் விலகின. குழாய் நழுவி மடியில் விழுந்தது. வால்வுச் சத்தம் நின்றது.

"விழுந்துட்டே! ஐயோ, வலிக்குமே அவளுக்கு!" என்று சண்முகத்தாய் பாய்ந்தார். பின்னால் கட்டியிருந்த கை எப்படி முன்னால் வந்தது என்றே தெரியவில்லை. விழுந்த குழாயை அவள் வாயில் வைக்க எடுத்துவிட்டார். டாக்டரின் கையில் இருந்த ஊசி எலும்புக்குள் நிற்கிறது. நாற்காலி லேசாக இடிபட்டாலும் கண் போகும். நான் அந்த அம்மாவின் இரண்டு மணிக்கட்டையும் பிடித்து இழுத்தேன். அவர் திமிறினார். தீப்பெட்டி ஆபீஸில் உழைத்த கை, என்ன பலம்! நகம் என் புறங்கையைக் கிழித்தது.

"சிஸ்டர், தயவுசெய்து அவங்களை விட்டுறாதீங்க" என்றார் டாக்டர்.

என்னை அவர் சிஸ்டர் என்று கூப்பிட்டது அன்றுதான். பிடியை விடவில்லை. அந்த அம்மாவின் தோளுக்கு மேலாக எட்டி மாரியம்மாளின் நெஞ்சைப் பார்த்தேன். அசையவில்லை. தலை எப்போதும் குனிந்தே இருப்பதால் மயக்கமா தெளிவா என்று கண்டுபிடிக்கவும் வழியில்லை. கை விழும் என்று சொன்னோமே, விழுந்துவிட்டது, இனி தெளிய வேண்டியதுதானே, ஏன் தெளியவில்லை? மற்ற நர்ஸ் ஆக்ஸிஜன் மாஸ்க்கைக் கையில் எடுத்துவிட்டாள். "மாரியம்மா!" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. எனக்குத் தெரிந்த சாமி எல்லாரையும் மனசுக்குள் கூப்பிட்டேன்.

டாக்டரின் கை மட்டும் வைத்த இடத்தில் வைத்தபடி அசையாமல் இருந்தது.

அவள் நெஞ்சு ஏறியது. ஒரு நீளமான மூச்சு, பிறகு இன்னொன்று. "ம்ம்" என்று ஒரு முனகல்.

"உங்க பேரு என்னம்மா?" என்றார் டாக்டர்.

"மாரி."

"இங்கன யாரு இருக்கா?"

"அக்கா இருக்கா."

சண்முகத்தாயின் கைகள் என் பிடிக்குள் துவண்டுவிட்டன. ஆனாலும் நான் விடவில்லை.

டாக்டர் ஊசியை மட்டும் உருவினார். ஊசியைச் சுற்றியிருந்த குழாய் மூக்குக்குள்ளேயே நின்றது. அவள் நன்றாகத் தெளிந்து கேள்விக்கெல்லாம் பதில் சொல்கிறவரை காத்திருந்தார், இல்லாவிட்டால் கழுவுகிற தண்ணீர் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். ரப்பர் பந்தில் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் ஏற்றி, "காத்து இல்லை" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு அழுத்தினார். காற்று ரத்தத்துக்குள் போனால் உயிருக்கே ஆபத்து என்பதால் ஒவ்வொரு தடவையும் அப்படிச் சொல்வார். கெட்டியாக, நாற்றமாக, எத்தனை நாள் சீழோ, மூக்கு வழியாகக் கொட்டியது.

"என்ன பாக்கியம், தூங்குதியா? டிரேயை ஏந்து" என்றார்.

அந்த 'நீ'யைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அம்மாவை விட்டுவிட்டு, ஒரு கையால் டிரேயை ஏந்தி, மறு கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். அதற்கும் ஏச்சு வாங்கினேன்.

பிறகு மாரியம்மாளிடம் வலித்ததா என்று கேட்டேன். "சத்தம் கேட்டுச்சு சிஸ்டர். வலி எங்கயோ தெரு முனையில நிக்க மாதிரி இருந்துச்சு. கிட்ட வரலை" என்றாள்.

மறுநாள் காலையில் இமை வீக்கம் வடிந்து, கண் திறந்திருந்தது. டாக்டர் ஒரு கண்ணை மூடச் சொல்லி, விரல்களைக் காட்டி எண்ணச் சொன்னார். சரியாகச் சொன்னாள். அவர் "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

சண்முகத்தாய் கீழே கடையிலிருந்து காபி வாங்கி வந்து, ஆற்றி, டம்ளரைத் தங்கையின் வாயருகே கொண்டுபோனார். மாரியம்மாள் குடிக்கவில்லை. இரண்டு மணிக்கட்டையும் நீட்டினாள்.

"கொண்டாக்கா. நானே பிடிச்சிக்கிடுதேன்."

அவர் கொடுத்தார். அவள் இடுக்கி, கொஞ்சம் சேலையில் சிந்தி, மீதியைக் குடித்து முடித்தாள். அக்காவின் கை டம்ளருக்குக் கீழே ஏந்தினாற்போல் அப்படியே நின்றது. பிறகு அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானையைப் பிடித்தார், விட்டார், கட்டில் கம்பியைப் பிடித்தார். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. மருந்து எடுக்கிற சாக்கில் நர்ஸ் அறைக்குப் போய்விட்டேன்.

சண்முகத்தாய் பின்னாலேயே வந்தார். என் புறங்கையில் போட்டிருந்த பிளாஸ்திரியைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்து, "பரவாயில்லைம்மா, சின்னக் கீறல்தான்" என்றேன். அது அவர் காதில் விழவே இல்லை.

"சிஸ்டர், நான் வருத்தப்படுவேன்னுதான் இத்தனை நாளா சொல்லாம இருந்திருக்கா" என்றார். "இனிமே நான் என்ன செய்ய?"

முந்தின நாள் பிடித்த அதே இரண்டு மணிக்கட்டையும் மறுபடி பிடித்துக்கொண்டேன். இந்த முறை அவர் திமிறவில்லை.